ஒரே மூலநிரல், பல ப்ராசசர்கள்: புதிதாகப் பொதி கட்டுபவர்களுக்கு

உங்கள் மடிக்கணினியில் பொதியை (பேக்கேஜ்) கட்டி, நிறுவி, ஓட்டியும் பார்த்துவிட்டீர்கள். குறை ஒன்றும் இல்லை. டெபியன், ஃபெடோரா போன்ற லினக்ஸ் வெளியீடு ஒன்றில் ஏற்றிவிட்டுச் சில மணி நேரம் கழித்து பில்ட் நிலவரத்தைப் பார்த்தால், ஒவ்வொரு ப்ராசசர் வகைக்கும் ஒரு கட்டம்: சில கட்டங்கள் பச்சை, அதாவது வெற்றி; இரண்டு கட்டங்கள் சிவப்பு, அதாவது தோல்வி. சிவப்பில் ஒன்று எஸ்390எக்ஸ். நீங்கள் கண்ணால்கூடப் பார்த்திராத ஐபிஎம் மெயின்பிரேம். "இதில் யார் என் மென்பொருளை ஓட்டப்போகிறார்கள்?" என்று தோன்றும். கை தானாகவே அந்தப் பெயரைப் பொதி ஆதரிக்கும் வகைகளின் பட்டியலிலிருந்து அடிக்கப் போகும்.

கொஞ்சம் பொறுங்கள். நான் பார்த்த சிவப்புக் கட்டங்களில் பெரும்பாலானவை அந்த இயந்திரத்தின் குற்றமே அல்ல. நிரலில் முன்பே இருந்த பிழை இன்டெல் இயந்திரத்தில் ஒளிந்துகொண்டிருந்தது. வேறு இயந்திரத்தில் வெளியே வந்தது. அந்தப் பிழையைப் பிடிக்க என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன். டெபியனை முதன்மையாக வைத்துச் சொல்கிறேன். ஃபெடோரா வேறுபடும் இடங்களில் அதையும் குறிப்பிடுகிறேன்.

ஒரு முன்குறிப்பு. "செயலி" என்றால் இப்போது பலருக்கும் கைப்பேசி ஆப்தான் நினைவுக்கு வருகிறது. அதனால் ப்ராசசர் என்றே எழுதுகிறேன். கட்டளைகளையும் தெரிவுகளையும் ஒலிப்பின்படி தமிழில் தருகிறேன். கோப்பில் தட்டும்போது அவற்றின் வழக்கமான ஆங்கில எழுத்துகளில்தான் தட்ட வேண்டும்.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள்

ஒரே ப்ராசசர் வகைக்கு இடத்துக்கு ஒரு பெயர். டெபியன் ஏஎம்டி64 என்பதை லினக்ஸ் கெர்னலும் ஃபெடோராவும் எக்ஸ்86_64 என்கின்றன. இன்டெல் ப்ராசசரும் இதில் அடக்கம். இந்த 64 பிட் விரிவாக்கத்தை முதலில் வடிவமைத்தது ஏஎம்டி என்பதால் அந்தப் பெயர் நிலைத்தது. டெபியனின் ஆர்ம்64 கெர்னலுக்கு ஏஆர்ச்64. பவர் ப்ராசசருக்கு டெபியனில் பிபிசி64இஎல், ஃபெடோராவில் பிபிசி64எல்இ. கடைசி இரண்டு எழுத்துகளை இடம் மாற்றித் தட்டிவிட்டு அரை நாள் தேடியவர்களில் நானும் ஒருவன்.

இயந்திரம் எந்த வகை என்று அறிய யூநேம் கட்டளையை மைனஸ் எம் தெரிவோடு ஓட்டுவது பலரின் பழக்கம். பொதி கட்டும்போது அதை நம்பாதீர்கள். அது கெர்னலின் வகையைச் சொல்கிறது. 64 பிட் கெர்னலின் மேல் 32 பிட் சூழல் ஒன்றில் கட்டிக்கொண்டிருந்தாலும் அது எக்ஸ்86_64 என்றே பதில் சொல்லும். டெபியனில் டிபிகேஜி-ஆர்க்கிடெக்சர் என்ற கருவியைக் கேளுங்கள். எந்த வகைக்காகக் கட்டுகிறீர்கள் என்பதை அது சரியாகச் சொல்லும்.

கன்ட்ரோல் கோப்பில் அந்த ஒற்றை வரி

டெபியன் பொதியின் கன்ட்ரோல் கோப்பில் ஆர்க்கிடெக்சர் என்று ஒரு வரி வரும். அதற்கு இரண்டு மதிப்புகளே பெரும்பாலும் போதும்: "ஆல்" அல்லது "எனி". பெயர் ஒன்றுபோல் தோன்றினாலும் பொருள் வேறு. ஆல் என்றால் ஒரே கோப்பு எல்லா இயந்திரத்துக்கும் பொருந்தும். ஒருமுறை கட்டினால் போதும். ஷெல் ஸ்கிரிப்ட், தூய பைத்தான், எழுத்துரு, ஆவணம் எல்லாம் இதில் சேரும். ஃபெடோராவில் இதன் பெயர் நோஆர்ச். எனி என்றால் ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியாகக் கம்பைல் செய்ய வேண்டும்.

பைத்தான் திட்டம் என்று நம்பி ஆல் போட்டுவிட்டு, உள்ளே சி மொழியில் ஒரு சிறு துணை நிரல் இருப்பதைக் கவனிக்காமல் விடுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. கட்டிய பொதியைப் பிரித்து, ஃபைல் கட்டளையால் உள்ளே இயந்திரக் குறிமுறை ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். டெபியன் பொதிகளில் தவறு தேடும் லின்டியன் கருவியும் எச்சரிக்கும். கருவிகள் கண்டுபிடிக்காத இன்னொன்றும் உண்டு. சில திட்டங்கள் பில்ட் நேரத்தில் அகராதி அட்டவணை, தேடல் அட்டவணை போன்ற பைனரி தரவுக் கோப்புகளை உருவாக்கும். அந்தக் கோப்பின் பைட் வரிசை கட்டிய இயந்திரத்தைப் பொறுத்தது என்றால், ஆல் பொதியாக அது எஸ்390எக்ஸில் போய்ச் சேரும்போது குப்பையாக இருக்கும்.

எனி போட வேண்டிய இடத்தில் "ஏஎம்டி64 ஆர்ம்64 ஐ386" (கடைசியது 32 பிட் இன்டெல்) என்று பட்டியல் எழுதும் பழக்கம் வேண்டவே வேண்டாம். "நான் சோதித்தவற்றை மட்டும் எழுதுகிறேன்" என்பது பொறுப்பான பேச்சாகத்தான் தோன்றும். ஆனால் 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13-இல் ரிஸ்க்-வி 64 அதிகாரபூர்வ வகையாகச் சேர்ந்ததற்கு முந்தைய ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள். எனி என்று எழுதிய பொதிகளைப் புதிய வகைக்குக் கட்டிப்பார்க்க யாரும் அவற்றைத் தொட வேண்டியிருக்கவில்லை. பட்டியல் எழுதிய பொதிகளையோ ஒவ்வொன்றாகத் திறந்து, பராமரிப்பவருக்கு எழுதி, காத்திருந்து திருத்த வேண்டியிருந்தது.

நியாயமான விதிவிலக்குகள் உண்டு. லினக்ஸ் கெர்னலை மட்டுமே நம்பிய கருவி என்றால் லினக்ஸ்-எனி. ஒவ்வொரு ப்ராசசருக்கும் இயந்திரக் குறிமுறையைத் தனியாக எழுதியே தீர வேண்டிய லுவாஜிட் போன்றவற்றுக்குப் பட்டியல்தான் வழி. ஃபெடோராவில் எக்ஸ்க்ளூட்ஆர்ச் என்று ஒரு வகையை ஒதுக்கினால், காரணத்தைச் சொல்லி ஒரு பிழை அறிக்கையும் பதிய வேண்டும் என்பது விதி. டெபியனில் அப்படிச் செய்யக் கட்டாயம் இல்லாவிட்டாலும் செய்வது நல்லது.

படங்கள், ஒலி, மொழிபெயர்ப்புகள் பெரிதாக இருந்தால் அவற்றை மட்டும் தனியாக ஆல் பொதியாகப் பிரித்துவிடுங்கள். இல்லையென்றால் அதே தரவு ஒவ்வொரு வகைக்கும் ஒரு நகலாக உலகம் முழுவதும் உள்ள மிரர்களில் (நகல் சர்வர்கள்) போய் உட்காரும்.

ஏற்றுவதற்கு முன் நிரலைத் துழாவுங்கள்

கோப்புகளுக்குள் சொல் தேடும் கிரெப் கட்டளையோடு பத்து நிமிடம் செலவழித்தால் பாதிச் சிவப்புகளைத் தவிர்க்கலாம். மேக்ஃபைலிலும் சிமேக் கோப்பிலும் மைனஸ் எம் என்று தொடங்கும் கம்பைலர் தெரிவுகளைத் தேடுங்கள். எம்64, எம்எஸ்எஸ்இ2 போன்றவை ஆர்ம் கம்பைலருக்குப் புரியாது; பில்ட் அங்கேயே நின்றுவிடும். அப்படி நிற்பது ஒரு வகையில் நல்லது. சத்தம் போடாமல் கழுத்தை அறுப்பது மார்ச்=நேட்டிவ் என்ற தெரிவு.

"இந்த இயந்திரத்தில் உள்ள எல்லா வசதிகளையும் பயன்படுத்து" என்பதே அதன் பொருள். பில்ட் சர்வரில் புத்தம் புதிய ப்ராசசர் இருக்கும். கம்பைலும் ஆகும், சோதனைகளும் தேறும், கட்டம் பச்சையாகும். பத்தாண்டு பழைய கணினியில் நிறுவியவருக்கு மட்டும் "செல்லாத கட்டளை" என்று நிரல் முதல் நொடியிலேயே விழும். அதுவும் உங்களிடம் சரியாக ஓடுவதால் அவர் சொல்வதை நீங்கள் நம்பவே மாட்டீர்கள். ஒவ்வொரு வகைக்கும் ஓர் அடிமட்டம் உண்டு: டெபியன் ஏஎம்டி64-க்கு எஸ்எஸ்இ2 என்ற கூடுதல் கட்டளைத் தொகுதி வரைதான் உத்தரவாதம். ரெட்ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 9 அடிமட்டத்தை எக்ஸ்86-64-வி2 என்றும், 10 அதை வி3 என்றும் உயர்த்தின. உங்கள் பொதி போகும் இடத்தின் அடிமட்டத்துக்கு மேலே உள்ள கட்டளைகள் வேண்டுமென்றால், ஓடும் நேரத்தில் ப்ராசசரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு பாதையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஜிசிசி கம்பைலரின் டார்கெட்-குளோன்ஸ் வசதி ஒரே சார்புக்கு (ஃபங்ஷன்) பல வடிவங்களை உருவாக்கித் தரும். லினக்ஸின் அடிப்படை சி நிரலகமான ஜிலிப்சியின் 2.33 பதிப்பு முதல், உங்கள் நிரலகத்தின் வேகமான வடிவத்தை ஜிலிப்சி-ஹெச்டபிள்யூகேப்ஸ் என்ற துணை அடைவில் வைத்தால் லோடரே தகுந்ததை எடுத்துக்கொள்ளும்.

எஸ்எஸ்இ, ஏவிஎக்ஸ் போன்ற இன்டெல் கட்டளைகளுக்கான ஹெடர்களை எந்த நிபந்தனையும் இல்லாமல் சேர்த்திருந்தால் மற்ற வகைகளில் கம்பைல் ஆகாது. முழுவதையும் மாற்றி எழுதப் பயப்பட வேண்டாம். சிம்டிஇ என்ற திறந்த மூலத் திட்டம் அதே சார்புகளை எல்லா ப்ராசசருக்கும் பொதுவான வடிவில் தருகிறது. பல பொதிகளில் ஹெடர் பெயரை மாற்றுவதோடு வேலை முடிந்துவிடுகிறது.

பழைய ஆட்டோகான்ஃப் திட்டங்களில் கான்ஃபிக்.கெஸ் என்று ஒரு கோப்பு இருக்கும். அது எழுதப்பட்ட காலத்தில் பிறந்திராத ப்ராசசரை அதற்குத் தெரியாது. ஆட்டோரீகான்ஃப் ஓட்டினால் சரியாகும். டெபியனின் பொதி கட்டும் துணைக்கருவியான டெப்ஹெல்பரின் 10-ஆம் நிலையிலிருந்து அது தானாகவே நடக்கிறது. லிப்64 என்றோ எக்ஸ்86_64-லினக்ஸ்-ஜிஎன்யூ என்றோ அடைவுப் பாதையை நேராக எழுதியிருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

இயந்திரம் இல்லாமல் சோதிப்பது

வேறு ப்ராசசரைப்போல் நடிக்கும் க்யூஇஎம்யூ மென்பொருளின் பயனர் முறையும் கெர்னலின் பின்எஃப்எம்டி-மிஸ்க் வசதியும் சேர்ந்தால், ஏஎம்டி64 கணினியிலேயே ஆர்ம்64, எஸ்390எக்ஸ் நிரல்கள் ஓடும். அந்த வகைக்கான ஒரு குரூட்டையோ (தனித்த அடைவுச் சூழல்) கண்டெய்னரையோ அமைத்து, உள்ளே வழக்கம்போல் பொதியைக் கட்டுங்கள். வேகம் பல மடங்கு குறையும். பெரிய சி++ திட்டம் என்றால் இரவு ஓடவிட்டுத் தூங்கிவிடுங்கள்.

ஆனால் அங்கே கிடைக்கும் பச்சையை முழுதாக நம்பாதீர்கள். நினைவகத்தில் எழுதும் வரிசையில் ஆர்ம் காட்டும் தளர்வு, இன்டெல் மேல் ஓடும் க்யூஇஎம்யூவில் வெளிப்படாது. நினைவகப் பக்க அளவும் அப்படித்தான். இன்டெலில் அது எப்போதும் 4 கிலோபைட். ஆர்ம்64 கெர்னலில் 4, 16, 64 என மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். 4096 என்று நிரலில் நேராக எழுதியவர்கள் அங்கே மாட்டுகிறார்கள். ராஸ்பெர்ரி பை 5-இன் இயல்பான கெர்னல் 16 கிலோபைட் பக்கத்தைப் பயன்படுத்துவதால், அந்தச் சிறு பலகை இந்த வகைப் பிழைகளைப் பிடிக்க நல்ல பொறி.

குறுக்குக் கம்பைல் வேறு வழி. ஏஎம்டி64 கம்பைலரே ஆர்ம்64 நிரலை உருவாக்கும். வேகம் அதிகம்; ஆனால் உருவான சோதனைகளை ஓட்ட முடியாது. இங்கே சொற்களில் கவனம் வேண்டும்: ஜிஎன்யூ வழக்கில் பில்ட் என்பது கட்டும் இயந்திரம், ஹோஸ்ட் என்பது பொதி ஓடப்போகும் இயந்திரம். ஹோஸ்ட் என்றால் தன் கணினி என்று நினைத்துத் தலைகீழாக எழுதாதவர் யாரும் இல்லை.

உண்மையான இயந்திரங்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. உபுண்டுவின் லாஞ்ச்பேட், ஃபெடோராவின் காப்பர், ஓப்பன்சூசேயின் பில்ட் சர்வீஸ் மூன்றும் பல வகைகளில் கட்டித் தருகின்றன. உள்ளே புகுந்து பிழை தேடும் ஜிடிபி கருவியை ஓட்ட வேண்டுமென்றால், கட்டற்ற மென்பொருள் உருவாக்குபவர்களுக்கு ஜிசிசி கம்பைல் ஃபார்ம் கணக்குத் தருகிறது.

சிவப்பைப் படிப்பது

முதலில், தவறு உங்களுடையதுதானா என்று பாருங்கள். உங்கள் பொதிக்குத் தேவையான வேறொரு பொதியை (டிபென்டென்சி) நிறுவ முடியவில்லை என்றிருந்தால் காத்திருங்கள். இன்னொருவரின் பொதி அந்த வகையில் இன்னும் கட்டப்படவில்லை. நினைவகம் போதாமல் கம்பைலர் கொல்லப்பட்டிருந்தால், 32 பிட் வகைகளில் ஒரு கம்பைலர் 4 கிகாபைட்டுக்கு மேல் எட்டவே முடியாது என்பதை நினைவில் வையுங்கள். பிழைதிருத்தத் தகவலின் அளவைக் குறைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். இவை இரண்டும் இல்லையென்றால் பதிவின் அடியிலிருந்து மேல் நோக்கிப் படியுங்கள்.

வெளியீடு எதுவும் இல்லாமல் நேரம் கடந்து பில்ட் கொல்லப்பட்டிருக்கிறது, அதுவும் ஆர்ம், பவர், எஸ்390எக்ஸ், ரிஸ்க்-வி எல்லாவற்றிலும் ஒரே மாதிரி, ஏஎம்டி64-இல் மட்டும் இல்லை என்றால் சந்தேகம் முதலில் கேர் என்ற ஒரு பைட் மாறி வகை மீது விழ வேண்டும். சி மொழியில் கேர் என்பது குறியுள்ளதா (எதிர்ம எண்ணும் கொள்ளுமா) குறியற்றதா என்று தரம் வரையறுக்கவில்லை. லினக்ஸில் இன்டெல் குறியுள்ளது என்று கொள்கிறது. மேலே சொன்ன நான்கும் குறியற்றது என்கின்றன. கோப்பின் முடிவைக் குறிக்கும் மைனஸ் ஒன்றை ஒரு கேரில் வாங்கினால், ஆர்மில் அது 255 ஆகிவிடும்; முடிவு வந்ததே தெரியாமல் சுழற்சி என்றென்றும் ஓடும். இன்டெலில் அந்த நிரல் சரியாக ஓடுகிறதா? ஓடுவதுபோல் தெரிகிறது, அவ்வளவுதான். கோப்பின் நடுவே 255 என்ற பைட் உண்மையாகவே வந்தால், அதை முடிவு என்று எண்ணிப் பாதியிலேயே நிறுத்திவிடும். எழுத்துக் கோப்பாக இருந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். படக் கோப்பு பாதியில் வெட்டுப்படும். சரியான திருத்தம், அந்த மாறியை இன்ட் ஆக்குவது. கம்பைலருக்கு எஃப்சைன்ட்-கேர் தெரிவைக் கொடுத்துச் சிவப்பைப் பச்சையாக்கலாம். ஆனால் இரண்டாவது பிழை அப்படியே இருக்கும். இதைத் தேட ஆர்ம் இயந்திரமும் வேண்டியதில்லை. உங்கள் கணினியிலேயே எஃப்அன்சைன்ட்-கேர் தெரிவோடு கம்பைல் செய்து சோதனைகளை ஓட்டுங்கள்.

எஸ்390எக்ஸில் மட்டும் சிவப்பு என்றால் பைட் வரிசையைப் பாருங்கள். தேதியைச் சிலர் நாளில் தொடங்கி எழுதுகிறார்கள், சிலர் ஆண்டில் தொடங்கி எழுதுகிறார்கள் அல்லவா, அதுபோல்தான். நான்கு பைட் எண்ணில் சிறிய இட மதிப்புள்ள பைட்டை முதலில் வைப்பது இன்டெல். பெரியதை முதலில் வைப்பது எஸ்390எக்ஸ். இப்போதைய டெபியனின் அதிகாரபூர்வ வகைகளில் பெரியதை முதலில் வைப்பது இது ஒன்றுதான்.

இங்கேதான் என் சொந்தக் கதை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறிய காப்பகக் கருவிக்குப் பொதி கட்டினேன். எஸ்390எக்ஸில் ஒரு சோதனை தோற்றது. எல்லாக் கோப்புகளின் அளவும் பூஜ்ஜியம் என்றது. மெயின்பிரேமில் யார் இதை ஓட்டப்போகிறார்கள் என்று அந்த வகையை ஒதுக்கிவிட்டேன். ஓராண்டு கழித்து ஏஎம்டி64 பயனர் ஒருவர் எழுதினார்: பெரிய கோப்புகளை அது பாதியாக வெட்டிவிடுகிறது. காரணம் ஒரே வரி. 8 பைட் அளவை 4 பைட் பாயிண்டர் வழியாகப் படித்திருந்தார்கள். இன்டெலில் முதல் நான்கு பைட்டில் சிறிய பாதி இருக்கும். கோப்பு சிறிதாக இருக்கும்வரை விடை சரி. எஸ்390எக்ஸில் முதல் நான்கில் பெரிய பாதி இருக்கும், சிறிய கோப்புகளில் அது எப்போதும் பூஜ்ஜியம். மெயின்பிரேம் முதல் நாளே சொன்னதை நான் கேட்கவில்லை. அதன் விலையை அந்தப் பயனர் தன் தரவால் கொடுத்தார்.

கோப்பிலோ வலையமைப்பிலோ எழுதும் எண்களுக்கு வரிசையை நீங்களே முடிவு செய்து, ஹெச்டிஓஎல்இ32 போன்ற மாற்றுச் சார்புகள் வழியாக எழுதுங்கள். ஸ்ட்ரக்டை அப்படியே அள்ளிக் கோப்பில் கொட்டுவது எந்த ப்ராசசரிலும் நல்ல பழக்கம் அல்ல.

32 பிட் வகைகளில் மட்டும் தோல்வி என்றால் லாங் வகையைச் சந்தேகியுங்கள். அங்கே அது 4 பைட், 64 பிட் லினக்ஸில் 8. 2038 ஜனவரி 19-க்குப் பிந்தைய தேதிகளைச் சோதிக்கும் நிரல்களும் இங்கே விழும். டெபியன் 13 ஆர்ம் 32 பிட் வகைகளுக்கு நேர மாறியை 64 பிட்டாக மாற்றிவிட்டது. பழைய நிரல்கள் தொடர்ந்து ஓட வேண்டும் என்பதற்காக ஐ386 மட்டும் பழையபடி இருக்கிறது. அதனால் "32 பிட் என்றால் நேரம் 4 பைட்" என்ற ஊகமும் இனிச் செல்லாது.

தசம எண் சோதனைகள் பதினைந்தாம் இலக்கத்தில் பிசகினால் பதற்றம் வேண்டாம். ஐ386-இல் பழைய எக்ஸ்87 அலகு 80 பிட் துல்லியத்தில் கணக்கிடுகிறது. ஆர்ம்64, பவர், எஸ்390எக்ஸில் பெருக்கலையும் கூட்டலையும் ஒரே கட்டளையாக இணைத்து ஒருமுறை மட்டும் முழுமையாக்கும் வேலையை ஜிசிசி தானாகவே செய்கிறது. சோதனையில் சிறு விலகலை அனுமதிப்பதே சரி. அந்த இணைப்பை நிறுத்தும் தெரிவும் ஜிசிசியில் உண்டு. ஆனால் சோதனைக்காக மட்டும் வேகத்தை விட்டுக்கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை.

ஆர்ம்64-இல் பத்துமுறைக்கு ஒருமுறை தோற்கும் சோதனைதான் மிக மோசம். நிரலின் இழைகளுக்கு (த்ரெட்) இடையே ஒரு சாதாரண மாறியை அடையாளக் கொடியாகப் பயன்படுத்தியிருப்பார்கள். இன்டெல் எழுதும் வரிசையைப் பெருமளவு காப்பாற்றுவதால் அங்கே பிழை தூங்குகிறது. இதற்கும் ஆர்ம் இயந்திரம் இல்லாமலே மருந்து உண்டு: ஏஎம்டி64-இலேயே இழைகளுக்கிடையிலான பிழைகளைப் பிடிக்கும் த்ரெட் சானிடைசரோடு கட்டி ஓட்டுங்கள்.

திருத்தத்தை மூலத் திட்டத்துக்கு அனுப்புதல்

காரணம் தெரிந்ததும் பேட்சை (திருத்தக் கோப்பு) உங்கள் பொதிக்குள் புதைத்துவிடாமல், மென்பொருளை எழுதியவர்களின் மூலத் திட்டத்துக்கு அனுப்புங்கள். அறிக்கையில் ப்ராசசர் வகை, கம்பைலர் பதிப்பு, தோற்ற சோதனையின் வெளியீடு, க்யூஇஎம்யூவில் அதை மீண்டும் வரவழைக்கும் கட்டளை ஆகியவை இருக்கட்டும். "எஸ்390எக்ஸில் வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால், அந்த இயந்திரம் எங்களிடம் இல்லை என்ற பதில்தான் வரும். "ஏஎம்டி64-இலும் 4 கிகாபைட் கோப்பில் இதே பிழை" என்று சேர்த்தால் அன்றே பார்ப்பார்கள்.

உடனே திருத்த முடியாவிட்டால், தோற்ற அந்த ஒரு சோதனையை, அந்த ஒரு வகையில் மட்டும், காரணத்தைக் குறிப்பாக எழுதித் தவிர்க்கலாம். மொத்தச் சோதனைகளையும் அணைக்காதீர்கள். மூலத் திட்டமே அந்த வகையை ஆதரிப்பதில்லை என்று முடிவாகச் சொல்லிவிட்டால் ஒதுக்கத்தான் வேண்டும். அப்போது டெபியனில் இன்னொரு வேலையும் இருக்கிறது. முன்பு அந்த வகையில் கட்டப்பட்ட பழைய பொதி காப்பகத்தில் இருக்கும்வரை உங்கள் புதிய பதிப்பு, அடுத்த வெளியீடு உருவாகும் டெஸ்டிங் கிளைக்குள் நுழையாது. அதை அகற்றும்படி, காப்பகத்தைப் பராமரிக்கும் எஃப்டிபி குழுவுக்குத் தனியே ஒரு கோரிக்கை பதிய வேண்டும். புதியவர்கள் பலர் இந்தப் படியை அறியாமல், பொதி ஏன் நகரவில்லை என்று வாரக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.